பட்டறையில் பிறக்கும் பந்தயக் கார்

(கள்ளக்குறிச்சியில் தொழிற்கல்வி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நம் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் நீங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான். பாடி கட்டாத வெறும் சேஸிஸ் ஒன்று போகும். கூரை கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் வெயிலிலும் புழுதியிலும் ஓட்டிப் போவார். கரூருக்கோ நாமக்கல்லுக்கோ பாடி கட்டப் போகிற வண்டி அது. இப்படிக் காற்று முகத்தில் அறைய ஓட்டுவதற்காகவே சில நாடுகளில் ஆட்கள் பெரும் பணம் செலவழித்து, விடுமுறை நாளெல்லாம் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு காரைக் கட்டுகிறார்கள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்.

அந்த மாதிரிக் கார்தான் இன்றைய பேச்சு. பழைய புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உருவத்தை எடுத்துக்கொண்டு, வேறொரு சாதாரணக் காரின் எஞ்சினையும் ஆக்சிலையும் பிரேக்கையும் பொருத்தி, வீட்டிலோ பட்டறையிலோ கட்டுவது. இதற்கு ரெப்ளிகா கார் என்று பெயர். உருப்படிகளை மொத்தமாகப் பெட்டியில் வாங்கிப் பூட்டினால் கிட் கார்.

நான் வலியுறுத்த வந்தது ஒன்றே. இப்படி ஒரு காரைக் கட்டும் கை நம் ஊரில் இருக்கிறது. கட்டியதற்குப் பதில் சொல்லும் பழக்கம் நம்மிடம் குறைவு. பதிலைக் கேட்டுச் சரிபார்த்து, ‘போ’ என்று சொல்லும் வாசல் நம் நாட்டில் தனிமனிதனுக்குத் திறக்கவில்லை. பழக்கமும் வாசலும் இருந்தால்தான் அந்தக் கைக்கு மரியாதை.

முதலில் வெளியூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற பொறியாளர் லோட்டஸ் செவன் என்ற சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடை 500 கிலோவுக்கும் குறைவு. எஞ்சின் சாதாரண ஃபோர்டு எஞ்சின். முழுக் காராக வாங்கினால் அந்நாட்டில் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்று ஒரு நிபந்தனை. அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டாராம். நம்மூர்க்காரர் செய்திருந்தால் அதை ஒரு சொல்லில் முடித்திருப்போம்: தில்லாலங்கடி! 1973இல் வரிமுறை மாறியது. லோட்டஸிடமிருந்து அந்தக் காரின் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் அது கிட்டாகக் கிடைக்கிறது.

இன்னொன்று 1962இல் பிறந்த கோப்ரா. அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்துவந்த எடை குறைந்த காருக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கினார். அசல் கோப்ராக்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். பிரதிகளோ அதைப் போலப் பல மடங்கு. கவனியுங்கள்: அசல் கோப்ராவே ஒருவர் செய்த சேஸிஸில் இன்னொருவர் செய்த எஞ்சினைப் பொருத்தியதுதான். பிரதி எடுப்பவர் அந்த வேலையை மறுபடி செய்து பார்க்கிறார்.

இப்போது நம் கதைக்கு வருவோம். ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்னையில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனத்தில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டு, 1948இல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் கார்களை நம் தொழிலாளர்கள் அங்கே பூட்டி இறக்கினார்கள். அந்த நிறுவனந்தான் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது.

அடுத்தவர் ஜி.டி. நாயுடு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் 1893இல் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல் வேலை முதற்கொண்டு செய்து காசு சேர்த்து அதை வாங்கி, ஓட்டியதோடு நிற்காமல் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சி–பழனி வழியில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர். அவர் 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்றார். உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் அதோடு நின்றுவிட்டது.

எந்த நிறுவனம் எதைச் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்த காலம் அது. கார் வாங்க விரும்பியவருக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று வீட்டுச் சாப்பாடுதான் நெடுங்காலம் கிடைத்தது. நாயுடுவின் காரைச் சோதித்துப் பார்த்து ‘இதில் இந்தக் குறை இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் அது நியாயமான வாசல். சோதனை இல்லாமல் உரிமத்திலேயே கதவை மூடியதுதான் நமக்கு நேர்ந்த இழப்பு.

நாயுடுவுக்குக் கிடைக்காத வழியை வேறொரு பக்கம் சுற்றிப் போய்க் கண்டுபிடித்தவர் அதே கோவையைச் சேர்ந்த கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1954இல் பிறந்தவர். ‘கரி’ என்றால்தான் பந்தய உலகில் தெரியும்.

அப்போது தென்னாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுப் பழைய பந்தயக் கார்களை இறக்குமதி செய்து ஓட்டுவார்கள். மற்றவர்கள் ஃபியட்டையும் அம்பாசிடரையும் குடைந்து செதுக்கி ஓட்டுவார்கள். யாரிடம் பணம் அதிகமோ அவர் முன்னால் போவார். ஓட்டுபவரின் திறமை எவ்வளவு, காரின் விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., சுமார் 37 குதிரைத்திறன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகக் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களைச் சுழற்றும். குடும்பம் கோயிலுக்குப் போகிற கார் என்று நாம் பார்த்ததை, கரி வேறு கண்ணால் பார்த்தார். அந்த முழுக் கட்டையும் அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அது பின் சக்கரங்களைச் சுழற்றும் பந்தயக் காராகிவிடும். முன்னால் மெல்லிய மூக்கு, நடுவில் ஒரே ஒரு இருக்கை, குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு. 1988 வாக்கில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தய வகுப்பு இப்படிப் பிறந்தது.

இதன் அருமை எங்கே இருக்கிறதென்றால், எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரிக் கார். உதிரிப் பாகம் ஊரூருக்குக் கிடைக்கும். வால்வு போனால் லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை; கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். செலவு இறங்கியதும் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர். 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக்கும் அதில் ஓட்டியவர்தான். நடிகர் அஜித்குமாரையும் விட்டுவிட்டால் தம்பிகள் என்னை இறங்கவிட மாட்டீர்கள். அவரும் 2002இல் ஃபார்முலா மாருதி ஓட்டினார்.

கரிவர்தன் 1995 ஆகஸ்டில், வானில் பறந்தபோது நேர்ந்த விபத்தில் இறந்தார். நாற்பத்தொரு வயது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 வாக்கில் திறந்த பந்தயத் தளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர்.

நாயுடு தன் காரைச் சாலைக்கு அனுப்ப நினைத்தார், உரிமம் மறித்தது. கரி தன் காரைப் பந்தயத் தளத்துக்குள் வைத்துக்கொண்டார். தளத்துக்குள் ஓடும் காருக்கு நம்பர் பிளேட் வேண்டாம். ஆனால் பந்தயத்துக்கு முன்னால் அதிகாரிகள் வண்டியைத் தலைகீழாகப் பரிசோதிப்பார்கள். குழாயின் கனம், பெல்ட்டு பூட்டிய இடம், தீயணைப்பான், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்தப் பரிசோதனை இருந்ததால் கட்டியவரின் பேச்சுக்கு ஒரு நம்பகம் வந்தது. பட்டறைக் காரை உலகம் நம்புகிற காராக மாற்றியது அதுதான்.

சரி, ஒரு காரை எப்படிக் கட்டுவது? இந்தப் பகுதிக்கு வந்ததும் முன்வரிசையில் இருக்கும் பட்டறை அண்ணன்மார் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முதல் வேலை சட்டம். சதுரக் குழாயோ உருளைக் குழாயோ வெட்டி வெல்டிங் செய்து கூண்டு போலக் கட்டுகிறோம். நாலு கழி நட்டு மேலே நாலு கழி கட்டிய பந்தலைத் தள்ளினால் சாயும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கழி கட்டினால் அசையாது. கார்ச் சட்டத்திலும் கதை இதுவே. நாற்சதுரமாக விட்ட இடமெல்லாம் முறுக்கும். முக்கோணமாக்கிய இடம் நிற்கும். கனமான குழாய் போட்டால் பலம் என்று நினைப்பது பட்டறையில் நாம் வழக்கமாகச் செய்யும் கணக்கு. கரும்பு டிரெய்லருக்கு அது சரி. ஸ்போர்ட்ஸ் காருக்கு மெல்லிய குழாயைச் சரியான இடத்தில் குறுக்கே ஓடவிடுவதுதான் கணக்கு.

சட்டத்தைத் தரையில் வைத்து வெல்டிங் செய்யாதீர்கள். இரும்புப் பலகையில் ஜிக் அடித்து, குழாய்களைப் பூட்டி, முதலில் எல்லா இடத்திலும் பொட்டு வைத்துவிட்டு, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரு பக்கமே சூடேற்றினால் சட்டம் வாழைப்பழமாக வளையும். வளைந்த சட்டத்தில் நாலு சக்கரமும் நாலு திசையைப் பார்க்கும். எந்த அலைன்மெண்ட் கடையிலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது எஞ்சினைப் பின்னால் நகர்த்தும் வேலை. கரி செய்ததைப் போல மாருதியின் முன் கட்டைப் பின்னால் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்தபோது அந்தச் சக்கரங்களை ஸ்டீயரிங் திருப்பிக்கொண்டிருந்தது. பின்னால் வந்ததும் டை ராடு சும்மா தொங்கும். அதைச் சட்டத்தோடு அசையாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி மேலும் கீழும் தவறான உயரத்தில் இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பார். வண்டி பக்கவாட்டில் போகும். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால் தண்ணீர்க் குழாய் நீளும்; நடுவில் காற்று அடைத்துக்கொண்டால் டெம்பரேச்சர் முள் காட்டுவது பொய். உச்சியான இடத்தில் காற்று வெளியேற ஒரு வழி வைக்க வேண்டும்.

பிரேக்கில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். ‘மாருதி பிரேக்தானே, கம்பெனி செய்தது, நன்றாக இருக்கும்’ என்பார்கள். கம்பெனி அதை எந்த வண்டிக்குச் செய்தது? எஞ்சின் முன்னால் இருந்து, எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல் விழும் வண்டிக்கு. நீங்கள் எடையைப் பின்னால் கொண்டுபோய்விட்டீர்கள். இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் எவ்வளவு பிரிய வேண்டும் என்பதைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். எந்த நிலையிலும் பின் சக்கரம் முதலில் லாக் ஆகக் கூடாது. முன் சக்கரம் முதலில் நின்றால் வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். பின் சக்கரம் முதலில் நின்றால் வால் முன்னால் வந்துவிடும்.

உடம்புக்கு வருவோம். இங்கே கள்ளக்குறிச்சிக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. நம் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்களும் கதவுகளும் செதுக்கும் அந்தக் கை, கார் உலகில் எங்கே பயன்படும் என்று நினைக்கிறீர்கள்? ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு முதலில் மரத்தில்தான் வடிவம் செய்தார்கள். தகட்டை அந்த மரத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்துத் தட்டினார்கள். ஃபைபர் உடம்புக்கும் முதலில் மரத்திலோ பட்டியிலோ முழு உருவம் செய்து, அதன் மேல் மெழுகு தேய்த்து அச்சு எடுத்து, அச்சுக்குள் ஜெல்கோட் பூசி, ஃபைபர் பாயை விரித்து ரெசின் தடவ வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஹார்டனரைக் கூடக் கலந்தால் டப்பாவிலேயே இறுகிப் புகையும். விடியற்காலை வேலை இது. முதல் உருவத்தின் வளைவு எப்படியோ காரின் அழகும் அப்படியே. ஒரு கன்னத்தின் வளைவும் மறு கன்னத்தின் வளைவும் ஒத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் நம் ஸ்தபதிகள். பட்டி டிங்கரிங் பார்த்து மறைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வராது.

ஃபைபர் உடம்பில் இன்னொரு சின்ன விஷயம். தகட்டுக் காரில் விளக்கின் எர்த் பாடியிலேயே போய்ச் சேரும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இது தெரியாமல், பல்பையும் பேட்டரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் விளக்கு எரியாது.

கடைசியாக போல்ட். ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றிலும் தலையில் 8.8 என்று முத்திரை உள்ள போல்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியதும் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு விலகினால் நட்டு சுழன்றிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த நட்டை யார், எந்தத் தேதியில், எவ்வளவு இறுக்கினார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பதில் சொல்லும் பழக்கம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த நோட்டுப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது.

கட்டியாயிற்று. ஓட்டுவது?

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நாற்பது கிலோமீட்டர் வேகம் எண்பது போலத் தெரியும். எடை குறைவாக இருப்பதால் சின்ன எஞ்சினே போதும். 650 கிலோ வண்டிக்கு 37 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 57. அதே எஞ்சினை 400 கிலோ வண்டியில் வைத்தால் டன்னுக்கு 92. எஞ்சினில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் கிடைத்த வேகம். ஸ்டீயரிங்கில் சாலையின் சல்லிக் கல்கூடத் தெரியும். ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது. தப்பு செய்தால் வண்டி மன்னிக்காது. சுகமும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

அப்படியொரு வண்டி கையில் கிடைத்ததும் நம் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது என்ன? கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுவது. வளைவு வளைவாகப் போகிற சாலை. ரீல் எடுக்க வேறென்ன வேண்டும்! ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை. இறங்குவதை ஒரு கணக்காகப் பாருங்கள். கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். 500 கிலோ வண்டி 600 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,000 அடி, இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 42 முறை முழுமையாக நிறுத்தும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக்குக்கு. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

அதோடு அந்தச் சாலை யாருடையது என்பதையும் நினைக்க வேண்டும். மலையில் இருக்கும் நம் மக்களுக்கு வண்டி என்றால் சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஜமீன் முறையைப் போன்ற ஜாகீர் ஆட்சி அங்கே 1976 வரை இருந்தது. சாலையும் பேருந்தும் சமவெளிக்கு வந்ததற்கு வெகு காலம் கழித்தே அவர்களுக்குக் கிடைத்தன. எதிரே வரும் ஜீப்பில் பிரசவத்துக்குப் போகிற பெண் இருக்கலாம். சோதனை வண்டியைச் சோதிக்கும் இடம் அந்த மலைச்சாலை இல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பதிவுக்குப் போனால் 22ஆம் படிவம் கேட்பார்கள். ‘இந்த வண்டி சாலைக்குத் தகுதியானது’ என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்ட சான்று அது. தயாரிப்பாளராக வேண்டுமானால் மாதிரி வண்டியை அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதனைக்குத் தர வேண்டும். மோதல் சோதனை, புகைச் சோதனை எல்லாம் சேர்ந்தால், ஆயிரக்கணக்கில் வண்டி விற்பவருக்குக் கட்டுபடியாகும். ஒரே ஒரு வண்டி கட்டியவருக்கு ஆகாது. பழைய வண்டியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு உடம்பை மாற்றலாமே என்றால் அதுவும் நடக்காது. தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக் கொல்லர் ஒருவர் பழைய இரும்பை வைத்து, கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 டிசம்பரில் அந்தக் காட்சியைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இது விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி, அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் அந்தக் கொல்லரின் ஜீப் காட்சிப்பொருளாயிற்று. அவருடைய அறிவுக்குச் சாலையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையின் மீன்பாடி வண்டி இதற்கு மறுபக்கம். சைக்கிள் வண்டியில் பழைய எஞ்சினைப் பூட்டிக் கட்டியது. பதிவும் கிடையாது, இன்சூரன்சும் கிடையாது. அடிபட்டவருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஒன்றைச் சோதிக்காமலே ஓரம் கட்டினோம். மற்றதைச் சோதிக்காமலே ஓடவிட்டோம்.

இங்கிலாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தனி ஆள் கட்டிய ஒற்றைக் காருக்கென்றே 1998இல் தொடங்கி, 2009இல் இன்னும் கண்டிப்பாக்கிய அரசுச் சோதனை ஒன்று உண்டு. பிரேக், பெல்ட்டு பூட்டிய இடம், கூர்மையான விளிம்பு, புகை, சத்தம், ஸ்பீடோமீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறையை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். திருத்திக்கொண்டு மறுபடி போகலாம். அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டம், சிறு நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 325 ரெப்ளிகா கார்கள் வரை செய்ய வழி திறந்தது.

‘நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா?’ என்பீர்கள். கரூரைப் பாருங்கள். அடுத்தவர் செய்த சேஸிஸின் மேல் பஸ் பாடி கட்டுவது பல காலமாக மேஸ்திரியின் கண்ணளவில் நடந்தது. பிறகு ஏஐஎஸ்-052 என்ற விதித்தொகுப்பு வந்தது. அவசர வழி எங்கே, இருக்கை எப்படிப் பூட்ட வேண்டும் என்று எல்லாம் எழுதப்பட்டது. முணுமுணுப்பு இருந்தது, செலவு கூடியது. ஆனால் கரூர் அழிந்துவிடவில்லை. பட்டறைகள் வரைபடம் போடக் கற்றுக்கொண்டன. கையும் பதிலும் சேர்ந்த இடம் அது.

ரெப்ளிகா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய காரின் அழகை விரும்பி, ‘இது நான் கட்டியது’ என்று சொல்லி ஓட்டுவது வேறு. கம்பெனி முத்திரையை ஒட்டி அசல் என்று விற்பது வேறு. 2019இல் பிரேசிலில் ஃபெராரி, லம்போர்கினி போலச் செய்து விற்ற பட்டறையைப் போலீஸ் பூட்டியது. நம் சட்டத்தில் பதிவு செய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டு பாதுகாப்பு. வணிக முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். முத்திரையைத் தொடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவாக மூன்று யோசனைகள். ஒன்று, இந்த மாவட்டத்தின் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் சேர்ந்து, முறைப்படி பதிவு நீக்கிய ஒரு பழைய காரை வாங்கி ஒற்றை இருக்கை வண்டி ஒன்றைக் கட்டட்டும். வெல்டிங்குக்கு நம் பட்டறை அண்ணன்மார், வடிவத்துக்கு நம் சிற்பிகள், கணக்குக்கு மாணவர்கள். அது சாலையைத் தொட வேண்டாம். மூடிய வளாகத்துக்குள் ஓடட்டும்.

இரண்டு, பொறியியல் படிக்கப் போகிறவர்கள், மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் காரோடு கலந்துகொள்ளும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளைக் குறி வையுங்கள். ஃபார்முலா பாரத் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. அங்கே ஓட்டுவதற்கு முன்னால் காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது. பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் லாக் ஆக வேண்டும். ‘இந்தக் குழாயை ஏன் இங்கே வைத்தாய்?’ என்று நடுவர் கேட்பார். ‘எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள்’ என்றால் மதிப்பெண் போய்விடும்.

மூன்று, அரசிடம் கேட்க வேண்டியது. நம் மாநிலத்திலேயே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. ஒற்றை வண்டி கட்டியவர் ஒரு தொகை கட்டி, வண்டியைக் கொண்டுபோய்ச் சோதித்து, குறைந்த வேகம், பகல் நேரம் போன்ற நிபந்தனைகளோடு பதிவு பெற ஒரு வழி வகுக்கச் சொல்வோம். சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. எங்களையும் சோதியுங்கள் என்று கேட்கிறோம். அப்படிக் கேட்பவரை மறுப்பது எந்த அரசுக்கும் கடினம்.

அடுத்த ஆண்டு இந்த மேடையில் நான் பேச வேண்டாம். இங்கேயே கட்டிய ஒரு சேஸிஸை நடுவில் வையுங்கள். பக்கத்தில் அந்த நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். கட்டிய தம்பி தங்கைகள் பேசட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். முதல் கேள்வி பிரேக்கைப் பற்றித்தான் இருக்கும். இப்போதே சொல்லிவிட்டேன், தயாராக வாருங்கள்.